சுவிட்ச் சுடாமல் நொடிக்கு 3 கோடி முறை

டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் பேட்டரி வாங்கி மாளாத வீடுகளில் முன்பெல்லாம் 'எலிமினேட்டர்' என்றொரு பெட்டி இருக்கும். கையில் எடுத்தால் செங்கல் போலக் கனக்கும். உள்ளே அடுக்கிய இரும்புத் தகடுகளும் அவற்றைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான் அந்தக் கனம். அவ்வளவு கனத்துக்கு அது தந்தது சில வாட் மின்சாரம். இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் செல்பேசி சார்ஜர் 20 வாட் தருகிறது.

இரும்பு எங்கே போயிற்று? கிணற்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு ஒரே நடை என்றால் அண்டா வேண்டும். மணிக்கு ஒரு நடை என்றால் குடம். நிமிடத்துக்கு ஒரு நடை என்றால் சொம்பு போதும். மின்சாரத்தை ஒரு மின்னழுத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவிகளில் சுருள்களும் மின்தேக்கிகளும்தான் பாத்திரங்கள். பழைய எலிமினேட்டர் மின்வாரியம் தரும் 50 ஹெர்ட்ஸிலேயே, அதாவது நொடிக்கு 50 நடையில் வேலை செய்தது. அதனால் அதற்கு அண்டா தேவைப்பட்டது. இன்றைய சார்ஜரில் ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்கு ஏறத்தாழ லட்சம் முறை திறந்து மூடுகிறது. அதற்குச் சொம்பு போதும்.

அப்படியானால் நடையை இன்னும் கூட்டலாமே? நொடிக்கு 3 கோடி, அதாவது 30 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை அளவு பாத்திரம் போதும். வானொலி அலைகள் ஓடும் அதிர்வெண் அது. 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை 'மிக உயர் அதிர்வெண்' என்கிறார்கள். பண்பலை வானொலியும் அதற்குள்தான் வருகிறது. ஆசை நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் வயிறு கலங்குகிறது.

நடைக்கு நடை சிந்துகிற தண்ணீர்

சுவிட்ச் என்று நாம் சொல்லும் டிரான்சிஸ்டர், படத்தில் வரைவது போலச் சுத்தமான சுவிட்ச் அன்று. அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே நாம் கேட்காமலேயே ஒரு மின்தேக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைத் தனியாகச் செய்து வைக்கவில்லை. குறைகடத்தியின் உடலமைப்பிலேயே பிறந்தது அது. சுவிட்ச் திறந்திருக்கும்போது, அதாவது அதன் வழியே மின்னோட்டம் ஓடாதபோது, அதன் குறுக்கே மின்னழுத்தம் நிற்கும், அந்த மின்தேக்கி நிரம்பும். சுவிட்ச் மூடியதும் நிரம்பியதெல்லாம் டிரான்சிஸ்டருக்குள்ளேயே வெடித்துக் கொட்டி வெப்பமாகும். ஒவ்வொரு நடையிலும் சிந்துவது அதுதான்.

எவ்வளவு சிந்துகிறது? மின்தேக்குதிறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதியை எடுக்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் சுமார் 325 வோல்ட் வரும். ஒட்டிக்கொண்டிருக்கும் மின்தேக்கி 100 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். விடை 5.3 மைக்ரோஜூல். ஒன்றுமே இல்லாத அளவு. நொடிக்கு லட்சம் முறை என்றால் அரை வாட். 20 வாட் சார்ஜரில் இதைச் சகித்துக்கொள்ளலாம். 3 கோடி முறை என்றால்? 158 வாட்! இருபது வாட் தர வேண்டிய பெட்டி நூற்றைம்பது வாட்டைத் தனக்குள்ளேயே எரித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் சார்ஜர் அன்று, அடுப்பு.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. சுவிட்ச் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரு கால அளவு உண்டு. அந்த இடைவெளியில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேர இருக்கும், இரண்டும் பெருகி வெப்பமாகும். அது 10 நானோநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10,000 நானோநொடி, அதில் பத்து யார் கண்ணிலும் படாது. 30 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றே 33 நானோநொடிதான். அதில் மூன்றில் ஒரு பங்கை வாசற்படியிலேயே கழித்துவிட்டு வீட்டுக்குள் என்ன செய்வது?

இப்படி மின்னழுத்தம் நிற்கும்போதே வலுக்கட்டாயமாக மூடுவதை வன் சுவிட்சிங் என்போம். இதற்கு மாற்றுதான் மென் சுவிட்சிங்.

கைக்கு வந்து நிற்கும் ஊஞ்சல்

ஊஞ்சலில் குழந்தை ஆடுகிறது. நிறுத்த வேண்டும். பலகை கீழே வேகமாகப் பாயும்போது குறுக்கே கையை நீட்டினால் கையும் போகும், குழந்தையும் விழும். அனுபவமுள்ள பாட்டி அப்படிச் செய்யமாட்டார். ஊஞ்சல் பின்னால் ஏறி, ஏற்றத்தின் உச்சியில் ஒரு கணம் நின்று, திரும்ப நினைக்கும் அந்த நொடியில் பலகையைத் தொடுவார். அங்கே வேகம் இல்லை. பலகை தானாகவே கைக்கு வந்து நிற்கிறது.

மென் சுவிட்சிங்கின் சாரம் அவ்வளவுதான். சுவிட்சின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை ஊஞ்சல் போல ஆடவிட வேண்டும். அது தானாகவே பூஜ்யத்துக்கு வரும்போது சுவிட்சை மூட வேண்டும். பூஜ்யத்தில் மூடினால் அந்த ஒட்டுண்ணி மின்தேக்கியில் கொட்டுவதற்கு எதுவும் இருக்காது. ஆட்டுவதற்கு என்ன வேண்டும்? ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும். இரண்டும் சேர்ந்தால் ஆற்றல் அங்கும் இங்கும் ஊசலாடும். மின்தேக்கி ஏற்கெனவே டிரான்சிஸ்டரோடு ஒட்டியே வந்துவிட்டது. ஒழிக்க முடியாத அந்த 100 பைக்கோஃபாரட்டை ஊஞ்சலின் ஓர் உறுப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரேடியோ அதிர்வெண் வடிவமைப்பில் நுழைகிறவர்கள் முதலில் பழக வேண்டிய மனநிலை இது. குறைந்த அதிர்வெண்ணில் வேலை பார்த்தவர்கள் டிரான்சிஸ்டரின் மின்தேக்குதிறனையும், சுற்றுத் தகட்டில் கம்பிக்குப் பதிலாக ஓடும் செம்புத் தடங்களின் தூண்டலையும் (சுருள் போல நடந்துகொள்ளும் குணம்) திருட்டுப்பயல்களாகவே பார்த்துப் பழகியிருப்பார்கள். இங்கே அவர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுத்து வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனையை முழுமையான சுற்றாக எல்லோர் கைக்கும் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் நேத்தன் சோகலும் அவருடைய மகன் ஆலன் சோகலும். 1975-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இதற்குக் 'கிளாஸ்-இ' என்று பெயரிட்டார்கள். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் யூயிங் 1964-இல் அளித்த ஆய்வேட்டிலேயே இதன் கரு இருந்தது. ஆலனுக்கு அப்போது 20 வயது. பின்னாளில் இயற்பியலாளராகி, 1996-இல் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கட்டுரை ஒன்றைப் பண்பாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவரச் செய்து உலகைச் சிரிக்கவைத்த அதே சோகல்தான் அவர். பொறியியல்காரர்களுக்கு அவர் செய்த உபகாரம் அந்தக் குறும்பைவிடப் பெரிது என்பது என் கட்சி.

33 நானோநொடிக்குள் நடப்பது

கிளாஸ்-இ சுற்றில் உறுப்புகள் மிகக் குறைவு. நேர்மின்சாரம் ஒரு பெரிய சுருள் வழியாக வருகிறது. அந்தச் சுருள் மின்னோட்டத்தை ஏறக்குறைய மாறாமல் வைத்திருக்கும். அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு ஒரு டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டரின் குறுக்கே மின்தேக்கி. அதே முனையிலிருந்து ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் தொடராக இணைந்து வெளிச்சுமைக்குப் போகின்றன. இந்தத் தொடர் இணைதான் ஊஞ்சலின் சங்கிலி.

ஒரு சுற்றைப் பின்தொடர்வோம். சுவிட்ச் மூடியிருக்கிறது. மின்னோட்டம் அதன் வழியாக ஓடுகிறது, குறுக்கே மின்னழுத்தம் இல்லை. இப்போது சுவிட்ச் திறக்கிறது. பெரிய சுருளின் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. சுவிட்சை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள மின்தேக்கிக்குள் பாய்கிறது. மின்தேக்கி நிரம்ப நேரம் எடுக்கும் அல்லவா? அதனால் மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறத் தொடங்குகிறது. அது கணிசமாக ஏறுவதற்குள் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்துவிடும். ஆக, திறக்கும்போதும் இழப்பு சொற்பமே. மின்னழுத்தம் மேலே போகிறது, உச்சியைத் தொடுகிறது. இதற்குள் தொடர் இணையில் ஓடும் மின்னோட்டம் திசை மாறி, மின்தேக்கியில் நிரம்பியதை உறிஞ்சத் தொடங்குகிறது. உறிஞ்சியது வீணாவதில்லை, சுமையின் பக்கம்தான் போகிறது. மின்னழுத்தம் இறங்கி, பாதிச் சுற்று முடியும் அந்தக் கணத்தில் பூஜ்யத்தைத் தொடுகிறது. இறங்கும் வேகமும் அங்கே பூஜ்யம். பாட்டியின் கைக்கு வந்து நிற்கும் பலகை. சுவிட்ச் மூடுகிறது.

'இறங்கும் வேகமும் பூஜ்யம்' என்பது சோகல்களின் சாமர்த்தியம். மின்னழுத்தம் பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், சுவிட்ச் சரியாக அதே கணத்தில் மூடும் என்ற உறுதி இருந்தால். நடைமுறையில் அது ஒரு நானோநொடி முந்தும் அல்லது பிந்தும். வேகமாக வெட்டிச் செல்லும் கோட்டில் ஒரு நானோநொடி தவறினால் பல வோல்ட் தவறும். தரையைத் தடவி நிற்கும் கோட்டில் அதே தவறுக்கு ஏறக்குறைய தண்டனையே இல்லை.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் மின்மூலம், 30 மெகாஹெர்ட்ஸ், நம் பழைய 100 பைக்கோஃபாரட். பாதி நேரம் மூடி, பாதி நேரம் திறக்கும் கிளாஸ்-இ சுற்றுக்கு ஓர் அழகான விதி இருக்கிறது. வெளிவரும் திறன் என்பது பை என்ற எண், கோண அதிர்வெண் (அதிர்வெண்ணின் 2 பை மடங்கு), மின்தேக்குதிறன், மின்னழுத்தத்தின் வர்க்கம் ஆகிய நான்கின் பெருக்கல். நம் எண்களுக்கு விடை சுமார் 8.5 வாட். சுமையின் தடை 9.7 ஓம் இருக்க வேண்டும். சுவிட்சின் குறுக்கே எழும் உச்ச மின்னழுத்தம் மூலத்தைப் போல 3.56 மடங்கு, அதாவது 43 வோல்ட்.

இந்த 8.5 வாட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். நாம் எவ்வளவு திறன் வேண்டும் என்று சொல்லவேயில்லை. டிரான்சிஸ்டரின் மின்தேக்குதிறனே அதைச் சொல்லிவிட்டது! 20 வாட் வேண்டுமென்றால் சிக்கல் இல்லை. குறுக்கே இன்னொரு 135 பைக்கோஃபாரட்டைச் சேர்த்து, சுமையைச் சுமார் 4 ஓமுக்கு மாற்றினால் ஆயிற்று. ஆனால் 3 வாட் போதும் என்றால்? அதற்கு 35 பைக்கோஃபாரட்தான் இருக்க வேண்டும். கையில் இருப்பதோ 100. கூட்டலாம், குறைக்க முடியாது. மூல மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சின்ன டிரான்சிஸ்டருக்குப் போக வேண்டும். சின்னதற்கு உள்தடை அதிகம், அது தன் பங்குக்குச் சுடும். ரேடியோ அதிர்வெண்ணில் டிரான்சிஸ்டர் தேர்வு என்பது முக்கால்வாசி இந்த இழுபறிதான். விவரத்தாளில் மின்தேக்குதிறன் என்று ஒற்றை எண் போட்டிருப்பதை நம்பிவிடவும் கூடாது. மின்னழுத்தம் ஏற ஏற அது குறையும். தாளில் உள்ள வளைகோட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பேனாவில் சுற்றிய சுருள்

தொடர் இணையின் சுருள் எவ்வளவு பெரியது? மேலே சொன்ன சுற்றுக்கு தூண்டல் ஏறத்தாழ 250 நானோஹென்றி வருகிறது. தடித்த பேனா ஒன்றின் மேல், 10 மில்லிமீட்டர் விட்டத்தில், 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு 6 சுற்றுச் சுற்றிப் பேனாவை உருவிவிட்டால் அதுதான் சுருள். உள்ளே இரும்பும் இல்லை, ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானும் இல்லை, காற்றுதான். ஃபெரைட்டைப் போட்டால் இந்த அதிர்வெண்ணில் பெரும்பாலான வகைகள் தாமே சூடாகிவிடும். 250 நானோஹென்றிக்கு அவை தேவையுமில்லை. எலிமினேட்டரின் செங்கல் கடைசியில் பேனாவிலிருந்து உருவிய ஆறு சுற்றாகக் கரைந்துவிட்டது.

சுருளை நுனிவிரலால் சற்று நெருக்கினால் தூண்டல் கூடும், இழுத்து விரித்தால் குறையும். இப்படித்தான் சுருதி சேர்ப்பது. ஆனால் சுற்று ஓடும்போது வெறும் விரலால் தொடாதீர்கள். ரேடியோ அதிர்வெண் மின்சாரம் 'ஷாக்' அடிக்காமல் தோலைச் சுட்டுவிடும், ஆற நாளாகும். நான் பல் குத்தும் குச்சியால்தான் தள்ளுவேன்.

கம்பியின் பருமன் பற்றி ஒரு சொல். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் உட்புறத்தைக் கைவிட்டு மேல்தோலிலேயே ஓடும். 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் 9 மில்லிமீட்டர் ஆழம் வரை பரவும் மின்னோட்டம் 30 மெகாஹெர்ட்ஸில் 12 மைக்ரோமீட்டரில் முடிந்துவிடும். தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அதனால் கம்பியின் கனத்தைவிட அதன் மேற்பரப்பின் அளவும் வழவழப்பும்தான் முக்கியம். நன்றாகச் செய்த சுருளில் ஆடும் ஆற்றலுக்கும் இழப்புக்கும் உள்ள விகிதம் 150 அளவில் வந்தால், நம் சுற்றில் சுருள் தின்பது மூன்று சதவீதத்தை ஒட்டியிருக்கும். டிரான்சிஸ்டரின் உள்தடை 0.2 ஓம் என்றால் அதுவும் ஏறக்குறைய அதே அளவு தின்னும்.

தடங்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் தடத்துக்குத் தோராயமாக ஒரு நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் அசிரத்தையாக வளைந்து போனாலே 30 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 2 ஓம் எதிர்ப்பு குறுக்கே வந்து நிற்கும். சுமையே 9.7 ஓம்தான்! பெட்டியின் உலோக மூடியும் அப்படியே. மேசையில் திறந்த நிலையில் அழகாக ஓடிய சுற்று, மூடி போட்டதும் சூடாகும். பக்கத்தில் வந்த உலோகம் சுருளின் தூண்டலைக் குறைத்துவிட்டது என்று பொருள். மூடியோடு சேர்த்துத்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

அளக்கப் போய் ஏமாந்த கதை

என் முதல் சுற்றில் டிரெயின் முனையின், அதாவது டிரான்சிஸ்டரில் சுருளோடு இணையும் முனையின், அலைவடிவத்தை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரையும் அலைக்காட்டியில் பார்த்தபோது, அழகான மேட்டுக்குப் பதில் ரம்பப்பல் போன்ற நடுக்கம் தெரிந்தது. டிரான்சிஸ்டரை மாற்றினேன். கேட்டை, அதாவது டிரான்சிஸ்டரைத் திறந்து மூடவைக்கும் முனையை, இயக்கும் சில்லை மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று. குற்றவாளி என் கையிலேயே இருந்தது. அலைக்காட்டிக்காகச் சுற்றைத் தொடும் ஆய்வுமுனையின் பக்கவாட்டில் முதலைக் கவ்வியோடு தொங்கும் தரைக் கம்பி, சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். அதன் தூண்டல் ஏறக்குறைய 100 நானோஹென்றி. ஆய்வுமுனையின் சொந்த மின்தேக்குதிறன் ஏறக்குறைய 10 பைக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து 159 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஊசலாடும். சுவிட்ச் எழுப்பும் அலையில் அதன் அதிர்வெண்ணின் மடங்குகளும் கலந்திருக்கும். நம் 30 மெகாஹெர்ட்ஸின் ஐந்தாவது மடங்கு 150. வேண்டிய மட்டும் தட்டிக்கொடுத்து அதை ஆடவிட்டேன் நான்.

கவ்வியைக் கழற்றிவிட்டு, முனையின் கழுத்திலேயே மாட்டும் குட்டை வில்கம்பியைத் தரைக்கு வைத்தேன். ரம்பப்பல் மறைந்தது. அப்போதும் முழு உண்மை தெரியவில்லை. 100 பைக்கோஃபாரட் உள்ள முனையில் 10 பைக்கோஃபாரட் ஆய்வுமுனையை வைத்தால், நாம் பார்ப்பது ஆய்வுமுனை வைத்த சுற்றின் அலைவடிவத்தை. எடுத்ததும் அது மாறிவிடும். அதனால் கடைசித் தீர்ப்பை நான் வெப்பக் கேமராவிடம் விட்டுவிடுவேன். எதையும் தொடாமல், எது சுடுகிறது என்று மட்டும் சொல்லும் சாட்சி அது.

கிளாஸ்-இ செய்யும் தொல்லைகள்

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, அந்த 3.56 மடங்கு உச்சம். 200 வோல்ட் மூலத்துக்கு 700 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் டிரான்சிஸ்டர் தேவைப்படும். தாங்கும் திறன் கூடக்கூட டிரான்சிஸ்டரின் மற்ற குணங்கள் மோசமாகும்.

இதற்கான தீர்வைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன நியாயம் போதும். சுருளின் குறுக்கே சராசரி மின்னழுத்தம் இருக்க முடியாது. ஆகவே சுவிட்ச் முனையின் சராசரி மூல மின்னழுத்தத்துக்குச் சமமாக வேண்டும். பாதி நேரம் பூஜ்யம் என்றால் மீதிப் பாதியில் சராசரி இரண்டு மடங்கு இருந்தே தீர வேண்டும். அந்தப் பாதியில் அலை தட்டையாக இருந்தால் உச்சமும் இரண்டு மடங்கோடு நின்றுவிடும். கோபுரம் போலக் கூம்பியதால்தான் கிளாஸ்-இ 3.56-க்குப் போகிறது. அப்படியானால் கோபுரத்தைத் தட்டி மொட்டைமாடியாக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் பெரோவும் அவருடைய மாணவராக இருந்த ஹுவான் ரீவாஸும். இரட்டை அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த ஒரு சிறு சுருளையும் மின்தேக்கியையும் சுவிட்சின் குறுக்கே வைத்தார்கள். அந்த இணை இரண்டாம் மடங்கு அலையை மட்டும் தரைக்கு இழுத்துவிடும். மிஞ்சிய அலை கூம்பாமல் பரந்து, கிட்டத்தட்டச் சரிவகம் போல ஆகும். உச்சம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே அடங்கிவிடும். இதைக் 'கிளாஸ் ஃபை-2' என்கிறார்கள். கூடவே ஒரு லாபம், மூலத்திலிருந்து வரும் அந்தப் பெரிய சுருளும் சின்னதாகிவிடுகிறது. பெரிய சுருள் போனதால் சுற்றை ஓடவைக்கவும் நிறுத்தவும் அதிக நேரம் பிடிப்பதில்லை.

இந்தக் கடைசி வரியில்தான் இரண்டாவது தொல்லைக்கு மருந்து இருக்கிறது. ஊஞ்சலில் குழந்தை இறங்கிப் பெரியவர் ஏறினால் ஆட்டத்தின் கணக்கு மாறும். சுமை மாறினால் கிளாஸ்-இ சுற்றின் மின்னழுத்தம் சரியான நேரத்தில் பூஜ்யத்துக்கு வராது. செல்பேசியோ கணினியோ ஒரே அளவு மின்சாரத்தை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்காது. என்ன செய்வது? இஸ்திரிப் பெட்டி செய்வதைத்தான். அதற்கு முழுச் சூடு அல்லது நிறுத்தம், இரண்டுதான் தெரியும். சூடு குறைந்தால் ஓடும், கூடினால் நிற்கும். அதேபோல இந்த மாற்றியை ஓடும்போதெல்லாம் தனக்கு உகந்த ஒரே சுமையில் ஓடவிட்டு, 3 மைக்ரோநொடி ஓட்டம், 7 மைக்ரோநொடி ஓய்வு என்று மாற்றி மாற்றி நடத்தினால் சராசரியாக 30 சதவீதத் திறன் வரும். சுருதி கெடாது.

இலவசம் இல்லை. ஓடி நிற்கும் அந்தத் தாளம் நூறு கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய வெளியே வைக்கும் மின்தேக்கி அந்தத் தாளத்துக்கு ஏற்ற அளவு பெரிதாக இருந்தாக வேண்டும். சொம்பை ஒழித்தோம், பாலாடைக்கு வந்தோம் என்று மார்தட்டியவர்கள் வாசலில் மீண்டும் ஒரு குடத்தை வைத்திருப்பார்கள். கட்டுரைகளின் படங்களில் அந்தக் குடம் பெரும்பாலும் ஓரமாகத்தான் தெரியும்.

கேட் என்ற இன்னொரு வாய்

சுவிட்சை இயக்கும் கேட் முனைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மின்னூட்டம் கொடுத்துப் பிடுங்க வேண்டும். 5 நானோகூலும் மின்னூட்டமும் 10 வோல்ட்டும் கேட்கும் சிலிக்கான் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டருக்கு 30 மெகாஹெர்ட்ஸில் கேட் மட்டும் ஒன்றரை வாட் தின்னும். எட்டரை வாட் தரும் சுற்றில் இது பெரிய வரி. சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியில் செய்த டிரான்சிஸ்டர்களில் சின்ன ரகங்கள் ஒரு நானோகூலுமும் 5 வோல்ட்டும் போதும் என்கின்றன. அப்போது 0.15 வாட். இல்லையென்றால் கேட்டின் மின்தேக்குதிறனையும் ஒரு சுருளோடு சேர்த்து அதையும் ஊஞ்சலாக்கிவிடலாம். போட்ட மின்னூட்டம் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வரும்.

காலியம் நைட்ரைடு வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். கணக்கில் வராத சூடு மட்டும் இருந்துகொண்டே இருந்தது. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ரீவாஸின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 600 வோல்ட் வகை டிரான்சிஸ்டர்களைத் திறந்த நிலையிலேயே வைத்து அவற்றின் உடன்பிறந்த மின்தேக்கியை மட்டும் ஆட்டிப் பார்த்தார்கள். உள்ளே போன ஆற்றல் முழுதாகத் திரும்பவில்லை. சுவிட்ச் மூடவே இல்லை, மின்னோட்டம் கடத்தவே இல்லை, ஆனாலும் சுட்டது. இந்த இழப்பை விவரத்தாள்கள் சொல்வதில்லை. இதை அளக்க அவர்கள் பயன்படுத்திய சாயர்–டவர் சுற்று 1930-இல் ரோஷெல் உப்பு என்ற படிகத்தின் மின் பண்புகளை ஆராய எழுதப்பட்ட கட்டுரையில் பிறந்தது. மென் சுவிட்சிங் செய்துவிட்டோம், இழப்பு பூஜ்யம் என்று கணினி மாதிரி சொன்னால் நம்பாமலிருக்க இதுவே போதுமான காரணம்.

கிளாஸ்-இ சுற்றிலிருந்து வெளிவருவது ரேடியோ அலை. மறுபக்கம் அதை மீண்டும் நேர்மின்சாரமாக்கும் டையோடுகளுக்கும் இதே நியாயம்தான். அவற்றோடு ஒட்டிய மின்தேக்குதிறனையும் ஒரு சுருளோடு கூட்டணி சேர்த்துவிடுகிறோம்.

யாருக்கு இது தேவை?

செல்பேசி சார்ஜருக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்பதே என் எண்ணம். சில நூறு கிலோஹெர்ட்ஸிலேயே அது போதிய அளவு சிறியதாகிவிட்டது. ரேடியோ அதிர்வெண் திறனே கேட்கப்படும் பொருளாக இருக்கும் இடங்கள்தான் இதன் சொந்த ஊர். சில்லுத் தொழிற்சாலைகளில் சிலிக்கான் தகட்டைச் செதுக்கும் பிளாஸ்மாவை எரியவைப்பது 13.56 மெகாஹெர்ட்ஸ் திறன். தொழில், அறிவியல், மருத்துவப் பயன்பாட்டுக்கு உலக அளவில் ஒதுக்கிய எண் அது. அதன் இரட்டிப்பான 27.12-உம் மும்மடங்கான 40.68-உம் அதே ஒதுக்கீட்டில் வருகின்றன.

இன்னொரு பயன் எதிர்பாராத மூலையிலிருந்து வருகிறது. வலுவான காந்தப் புலத்துக்குள் ஃபெரைட் செயலிழந்துவிடும். எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள்ளோ, ஜெனீவா அருகே செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் 3.8 டெஸ்லா புலத்தில் இயங்கும் சி.எம்.எஸ். உணர்கருவிக்குள்ளோ மின்னழுத்த மாற்றி ஒன்றை வைக்க வேண்டுமென்றால் காற்றுச் சுருள்தான் கதி. செர்னில் பயன்படும் மாற்றிகள் 2 மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் ஓடுகின்றன, ஆகவே அவற்றின் காற்றுச் சுருள்கள் சற்றுப் பெரியவை. அதிர்வெண் ஏறினால் அவையும் சுருங்கும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் நேரே 30 மெகாஹெர்ட்ஸில் குதிக்க வேண்டாம். 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதே 12 வோல்ட், அதே 9.7 ஓம் சுமை, அதே 8.5 வாட். சுருளும் மின்தேக்கிகளும் மட்டும் 30 மடங்கு பெரிதாகும். சுமையைத் தடையிகளால் செய்து, எல்லாவற்றையும் உலோகப் பெட்டிக்குள் அடைத்து வையுங்கள், இல்லையென்றால் அக்கம்பக்கத்து வானொலிகளெல்லாம் உங்கள் சோதனையில் பங்கேற்கும். சுவிட்சின் குறுக்கே மொத்தம் 3,000 பைக்கோஃபாரட் வேண்டும். டிரான்சிஸ்டர் தருவது 100, மீதி 2,900-ஐ நீங்கள் பற்றவைப்பீர்கள். அலைக்காட்டியில் அந்த மேடு ஏறி, இறங்கி, தரையைத் தடவி நிற்பதை நிதானமாகப் பார்க்கலாம். பிறகு 10 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். மொத்தம் 300, வெளியே 200. அங்கிருந்து 30-க்குப் போகும்போது, மின்தேக்கிக்கென்று தகட்டில் விட்டிருந்த இடத்தில் பற்றவைக்க எதுவும் மிச்சமிருக்காது.